சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும்

வழியில் நின்றுபோன காரை ஷெட்டுக்கு இழுத்து வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பார்ட் போச்சு?" என்பதுதான். அவர் கேட்பது இயல்பு. பணம் புரட்ட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் மெக்கானிக்கும் அதே கேள்வியோடு பானெட்டைத் திறந்தால் வேலை கெட்டுப்போகிறது. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் பழைய மாணவர்களின் ஷெட்டுகளில்தான் என் மாலை நேரம் போகிறது. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வருவது இதுதான்: பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது என்பதற்காகப் பெட்ரோல் பம்பைக் கழற்றாதே. அதற்குப் போய்ச்சேர வேண்டியது போய்ச்சேர்ந்ததா என்று முதலில் பார்.

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பம்பு கண்ணுக்கு முன்னால், எஞ்சினின் விலாவிலேயே இருந்தது. கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது டயஃப்ரத்தை மேலும் கீழும் இழுக்கும். பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறும். கரண்டுக்கு அதில் வேலையே கிடையாது. சித்திரை வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், டிரைவர் பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். மோரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் எஸ்.யூ. மின்பம்பு இருந்தது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடிக்கும். அதன் காண்டாக்ட் முனைகள் கருகினால் சத்தம் நின்றுவிடும். ஸ்பேனரால் லேசாகத் தட்டுவார்கள், மறுபடி அடிக்கும். பம்பு கெடவில்லை, கரண்டு தாண்டிப் போகும் இடம்தான் கெட்டிருக்கிறது என்ற பாடம் அந்தத் தட்டலிலேயே இருந்தது.

உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லி வட்டாரத்தில் 1999-லும் 2000-லும் யூரோ 1, யூரோ 2 மாசு அளவுகள் அடுத்தடுத்து வந்தன. கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது. மாருதி 800-கூட எம்.பி.எஃப்.ஐ. என்ற, பெட்ரோலைப் பீய்ச்சும் முறைக்கு மாறியது. பம்பு டேங்குக்குள்ளே, பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும்படி போய்விட்டது. அதைக் குளிரவைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிறவர்களின் பம்பு சீக்கிரம் போவதற்கு அதுவும் ஒரு காரணம். பின்சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்தால்தான் பம்பின் தலை தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போன எதன்மீதும் பழி போடுவது சுலபம்.

கரண்டு பம்புக்குப் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியிலிருந்து ஃபியூஸ். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் கால். ரிலே ஒட்டினால் 87-ஆம் கால் வழியாக வெளியேறி, கதவோரக் கார்ப்பெட்டுக்கு அடியில் நீளமாக ஓடும் ஒயர் வழியே பின்சீட்டுக்கு வந்து, கப்ளரைத் தாண்டிப் பம்புக்குள் நுழையும். அங்கே வேலையை முடித்துவிட்டு எர்த் ஒயரில் இறங்கி, பாடியின் தகரம் வழியாகவே பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும். ரிலேயை ஒட்டவைக்கும் காயிலின் கால்கள் 85, 86. அதை இயக்குவது எஞ்சின் கம்ப்யூட்டர். சாவியை ஆன் செய்ததும் சுமார் 2 விநாடி பம்பை ஓடவிட்டு அது நிறுத்திவிடும். எஞ்சின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்னால்தான் மறுபடி ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பம்பும் நிற்க வேண்டும், உடைந்த குழாய் வழியே பெட்ரோலைக் கொட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதனால் கிராங்க் சென்சார் செத்துவிட்டாலும் செல்ஃப் அடிக்கும்போது பம்பு மௌனமாகவே இருக்கும். சாவியை அடையாளம் கண்டுகொள்ளாத இம்மொபிலைசரும் சில வண்டிகளில் பம்பை நிறுத்திவைக்கும். பம்பு ஓடவில்லை என்பது ஒன்று, பம்பு கெட்டுவிட்டது என்பது வேறு.

மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் ஒருவரின் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவைக்குச் சமவெளியில் எத்தனை தடவை போய்வந்தாலும் அந்த வண்டி ஒன்றும் செய்யாது. குன்னூர் ஏற்றத்தில், கல்லாறு தாண்டிப் பர்லியாறு நெருங்கும்போது இழுவை குறையும். விக்கி விக்கி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். வேறோர் இடத்தில் பம்பை மாற்றியிருந்தார்கள். மழைக்காலக் குளிரில் சில வாரம் ஓடிவிட்டு மறுபடி அதே கதை. இன்னொரு புதுப் பம்பு போட்டார்கள். ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியாயிற்று. கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டுத்தான் அவர் என் மாணவனின் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். கழற்றிப்போட்ட இரண்டு பம்புகளும் டிக்கியில் ஒரு துணிப்பையில் கிடந்தன.

அன்றைக்கு ஷெட்டில் இருந்த உதவியாளப் பையன் துடிப்பானவன். கொஞ்ச நேரத்திலேயே மீட்டரோடு என்னிடம் வந்துவிட்டான்.

"சார், பம்புக்கு 12.4 வோல்ட் கரெக்டா வருதுங்க. அப்ப பம்புதானுங்களே போயிருக்கும்?"

"எப்படி அளந்தே கண்ணு?"

"கப்ளரைக் கழட்டிட்டு ஒயர் முனையில மீட்டரை வெச்சேனுங்க."

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்டு ஒரு ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சற்றே கூடுதல். பச்சை பிடித்து ஒரே ஒரு நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர்கூட அவ்வளவு கரண்டைத் தாராளமாகக் கொடுக்கும்; மீட்டரும் முழு வோல்ட்டைக் காட்டும். பம்பு அப்படி இல்லை. ஓடும்போது அதற்கு 5 ஆம்பியர் வேண்டும். அந்த 5 ஆம்பியரைக் கேட்கும்போதுதான் வழியில் எங்கே அடைப்பு என்று தெரியும். எதையும் கேட்காத மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை நல்லவன் என்று சொல்வது, அளந்ததாகவே ஆகாது.

பல வருடம் முன்பு எங்கள் ஐ.டி.ஐ.யில் ஒரு பையன் இருந்தான். காலை வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாமல் தவிப்பான். ஆசிரியர் அறையில் அவனுக்கு 'மந்தம்' என்று பெயர் விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். இரவு ஷிப்டில் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறான். முந்தைய நாள் சாயங்காலம் சாப்பிட்டதுதான். அப்பா இல்லை, இரண்டு தங்கைகள். ஹாஸ்டல் சமையலறையில் சொல்லி அவனுக்குக் காலையில் நாலு இட்லிக்கு ஏற்பாடு செய்தோம். தூக்கம் முழுவதும் போய்விடவில்லை, சில நாள் மேசையிலேயே சாய்ந்துவிடுவான். ஆனால் அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. வேலை செய்யாதவனைப் பார்த்ததும் அவனிடத்திலேயே குறையைத் தேடுகிறோம். அவனுக்குச் சேர வேண்டியது சேர்கிறதா என்று வழியைப் பின்னோக்கி நடந்து பார்க்க, இரண்டு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு அடிக்குத்தான் நமக்குச் சலிப்பு.

வீட்டிலும் இதே தவறான அளவைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வெளியூரில் குடித்தனம் நடத்தும் மகளிடம் ஞாயிற்றுக்கிழமை போனில், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறோம். "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாள். சுமை இல்லாத நேரத்தில் எடுத்த அளவு அது. மாசக் கடைசியில், குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும் ராத்திரியில், மறுநாள் ஆபீசுக்கும் போயாக வேண்டும் என்கிறபோது அவள் எப்படி இருக்கிறாள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதைப் போனில் தெரிந்துகொள்ள முடியாது. பஸ் ஏறிப் போய் நாலு நாள் கூட இருக்க வேண்டும்.

மண்டிக்காரர் காருக்குத் திரும்புகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொன்னேன். பின்சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, எல்லாக் கதவையும் விரியத் திறந்து வைத்தோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தாழ்ந்த இடத்தில் தேங்கும். டேங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொறிகூட வரக்கூடாது. அதனால் பம்பை ஓட்டிப் பார்க்க டேங்குக்கு அருகில் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை என் மாணவர் யாருக்கும் நான் அனுமதித்ததில்லை. பம்பின் கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசிகளைச் சொருகி மீட்டர் ஒயரை வெளியே கொண்டுவந்தோம். பேட்டரியைத் திரும்ப மாட்டினோம். முன்னால் எஞ்சின் பக்கம் இருக்கும் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, 30-க்கும் 87-க்கும் நடுவே ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தோம். பின்னால் டேங்கில் பம்பு உறுமியது. மெலிந்த உறுமல். மீட்டரில் 8.9 வோல்ட்.

உதவியாளப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேட்டரியில் 12.4 அப்படியே இருக்கிறது. பம்பில் 8.9. நடுவில் 3.5 வோல்ட் எங்கோ போயிருக்கிறது.

மளிகைக் கணக்கில் துண்டு விழுந்தால் வரிவரியாகக் கூட்டிப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம். 1845-இல், கோனிக்ஸ்பெர்கில் மாணவராக இருந்தபோதே, கிர்க்காஃப் இந்தக் கணக்கு விதியைச் சொல்லிவிட்டார்: ஒரு சுற்றில் இறங்கும் வோல்ட்டுகளை எல்லாம் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் வந்தாக வேண்டும். தொலைந்துபோக வழியில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வைத்தோம், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே. 0.3 வோல்ட். ஃபியூஸ், ரிலே இடம், நீள ஒயர், கப்ளர் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான். அந்தப் பக்கம் சுத்தம். அடுத்து பம்பின் நெகட்டிவுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வைத்தோம். 3.2 வோல்ட். 8.9, 0.3, 3.2. பையனே கூட்டிப் பார்த்தான். 12.4.

குறை திரும்பி வரும் வழியில், எர்த்தில்.

3.2 வோல்ட்டை 5 ஆம்பியரால் வகுத்தால் 0.64 ஓம். ஒரு ஓம் கூட இல்லை. இவ்வளவு சின்னத் தடைதான் ஒரு காரை மலைப்பாதையில் நிறுத்திவிட்டு, இரண்டு பம்புகளுக்குப் பழி வாங்கிக்கொடுத்திருக்கிறது. அந்த இடத்தில் 16 வாட் வீணாய்ச் சூடாகிக்கொண்டிருந்தது. சமவெளியில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தரும்போது பம்பு எப்படியோ தாக்குப்பிடித்தது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதல் பெட்ரோல் கேட்கும். கெட்ட இணைப்பு ஓட ஓடச் சூடாகித் தடையை இன்னும் கூட்டும். பம்பு மூச்சுத் திணறும். ஆறினால் சரியாகும்.

இந்தத் தடைக் கணக்கை நமக்குக் கொடுத்த ஜார்ஜ் ஓம், ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் 1789-இல் பிறந்தவர். பூட்டுத்தொழிலாளியின் மகன். படித்தவரல்லாத அந்தத் தகப்பன் தானே கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஓம் சோதனைகளைத் தொடங்கினார். அன்றைய மின்கலங்கள் கரண்டு இழுக்க இழுக்கத் தளர்ந்துபோயின. அளவுகள் நிலையாக நிற்கவில்லை. போகன்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி, ஒரு முனை கொதிநீரிலும் ஒரு முனை பனிக்கட்டியிலும் இருக்கும் வெப்ப இணையை மின்மூலமாக வைத்துக்கொண்டார். சுமை ஏற்றினாலும் தளராத மூலம் அது. விதி அப்போதுதான் கைக்குச் சிக்கியது. 1827-இல் புத்தகமாக வந்தபோது அவர் நாட்டிலேயே பலர் மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்தது. பட்டறையில் கைவேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை நான் விடாமல் சொல்வேன். அது அவர்கள் வீட்டு வரலாறு.

எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனோம். பின்சீட்டுக்குக் கீழே, இடது கதவின் ஓரமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. கார்ப்பெட்டைத் தூக்கியதும் ஈர நாற்றம். கதவு ரப்பர் கிழிந்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கியிருந்தது. ஒயர் முனையின் வளையம் பச்சை பூத்திருந்தது. அதற்குக் கீழே தகரம் துருவேறிப் பொருக்காக நின்றது. பம்பு ஓடும்போது அந்தப் போல்ட்டைத் தொட்டால் சுடுவது விரலுக்கே தெரிந்தது.

அப்போதுதான் மண்டிக்காரர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பெட்ரோல் முள்ளுங்கூட கொஞ்ச நாளா பொய்க் கணக்குக் காட்டுதுங்க. அதெல்லாம் பெருசில்லைன்னு முன்ன பார்த்தவங்க சொல்லிட்டாங்க." அந்த வண்டியில் டேங்கின் அளவுமானிக்கும் பம்புக்கும் அதே எர்த்துதான். முதல் நாளே இந்த ஒரு வரியைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டு பம்பும் மிச்சம். நோயாளியும் சரி, வண்டிக்காரரும் சரி, "அது பெருசில்லைங்க" என்று சொல்லித்தான் முக்கியமானதைச் சொல்வார்கள். கேட்கிறவன் அதுவரை பொறுமையாக இருக்க வேண்டும்.

பாசிட்டிவ் பக்கத்தையே எல்லோரும் துருவுகிறார்கள். எர்த்தை நினைப்பதே இல்லை. ஊட்டும் பக்கம் முழுசாக இருந்துவிட்டால் போதும் என்று ஓர் எண்ணம். பிள்ளை வளர்ப்பிலும் இதைப் பார்க்கிறேன். ஃபீஸ் கட்டியாயிற்று, லேப்டாப் வாங்கியாயிற்று, ஹாஸ்டலுக்கு முறுக்கும் அதிரசமும் போகிறது; "என்ன குறை வெச்சோம்?" என்று அப்பா கேட்கிறார். இரண்டு பேப்பரில் பெயிலானதை எந்த வாயால் அப்பாவிடம் சொல்வது என்று தெரியாமல் பையன் தவிக்கிறான். போகும் வழி அகலமாக இருக்கிறது. அவனிடமிருந்து இறங்கி வரும் வழியில் துரு. எவ்வளவு ஊட்டினாலும் அவனால் ஓட முடியாது. பயமில்லாமல் சொல்ல ஒரே ஒரு ஆள், சித்தப்பாவோ தாத்தாவோ, இருந்துவிட்டால் போதும். பெரியவர்களான நாங்கள் வீட்டில் இன்னும் செய்யக்கூடிய உருப்படியான வேலை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அறிவுரைகூட அப்புறம்தான்.

சரிசெய்யும் வேலை சீக்கிரம் முடிந்தது. வளையத்தை வெட்டிவிட்டு, கறுக்காத செம்பு தெரியும் வரை ஒயரை உரித்து, புது வளையத்தை அழுத்திப் பிடிக்கவைத்தோம். எமரி பேப்பரால் தகரத்தைப் பளபளவென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, அதற்கு மேலே வாசலின் பூசினோம். பூச்சு மேலேதான், தகரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. கார்ப்பெட்டை வெயிலில் காயவைத்து, கதவு ரப்பரைப் புதிதாக மாற்றினோம். ரப்பரை மாற்றாமல் எர்த்தை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த ஐப்பசியில் வண்டி திரும்ப வந்திருக்கும். மறுபடி அளந்தபோது பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.1, பம்பில் 12.0. உறுமலே வேறு சுருதியில் இருந்தது. மறுநாள் மண்டிக்காரர் காய்கறி மூட்டையோடு குன்னூர் ஏறி இறங்கினார்.

பில் போடும்போது ஒரு சின்ன இழுபறி. "ஒண்ணுமே மாத்தலையே தம்பி, ஒரு ரப்பரு, ஒரு வாஷரு. அதுக்கு இவ்வளவு கூலிங்களா?" என்றார் மண்டிக்காரர். என் மாணவன் தயங்கினான், குறைத்துவிடலாமா என்று என்னைப் பார்த்தான். நான் குறுக்கே பேசினேன். பொருளுக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. கண்டுபிடிப்புக்குக் கூலி இல்லாத ஊரில் மெக்கானிக் பொருளை மாற்றித்தான் பிழைப்பான். அந்தத் துணிப்பையில் இருக்கும் இரண்டு பம்பும் அப்படி வந்தவைதான் என்று சொன்னேன். அவர் நியாயஸ்தர். பையை ஒரு தரம் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார். ஆனால் எதற்குக் கொடுத்தோம் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த ஷெட்டின் பில்லில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: 'குறை கண்டறிந்த கூலி, ஓடும்போது பம்பு வோல்டேஜ், முன் 8.9, பின் 12.0.' எண்கள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். பெட்ரோல் பம்பு போய்விட்டது என்று உங்களிடம் யாராவது சொன்னால், புதுப் பம்புக்குச் சம்மதிக்கும் முன் அந்த முதல் எண்ணைக் கேளுங்கள். கப்ளரைக் கழற்றி அளந்ததா, ஓடும்போது அளந்ததா என்றும் கேளுங்கள்.